மதிப்பீட்டு அறிக்கையைக் கடன் வாங்குபவரிடம் காட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் நல்லம்பள்ளியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கணவர் லாரி ஓட்டுகிறார். தருமபுரிக்குப் பக்கத்தில், கட்டி நான்கு வருடமான வீடு ஒன்றை 34 லட்சத்துக்கு வாங்கினோம். 27 லட்சம் வங்கிக் கடன். 20 வருடத்துக்கு மாதம் 23,860 ரூபாய்.

போன ஐப்பசி மழையில் பின்னறையின் தரை ஒரு மூலையில் இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் ஓட்டையில் சேருவதில்லை. அதற்கு முன்பே முடி மாதிரி கோடு விழுந்தபோது, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைத்தது எங்கள் முட்டாள்தனம். இந்தத் தடவை வந்த கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "பூசறது வீண்மா, அடியில மண்ணே நிக்கல" என்றார். தெருக்கோடியில் ஆடு வளர்க்கும் பெரியவரோ, "இங்கதாம்மா மாடு பூட்டித் தண்ணி எறைக்க கவலை ஓட்டுன கெணறு இருந்துச்சு. பிளாட் போடறப்ப பொக்லைன் வச்சு மூடிட்டாங்க" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். கிடைத்த மண்ணையும் குப்பையையும் தள்ளி, கெட்டிக்காமல் மூடிய கிணறு. மழைத்தண்ணீர் இறங்க இறங்க அமுங்கத்தானே செய்யும்?

பிளாட்டாகப் பிரிக்கும் முன்பிருந்த நிலத்தின் பழைய பத்திரமான தாய்ப்பத்திரத்தின் ஜெராக்ஸை எடுத்துப் பார்த்தேன். "கிணற்றில் பாதி பாகமும், 5 எச்.பி. மின் மோட்டாரும்" என்று தெளிவாகவே இருக்கிறது. வாங்கும்போதே படித்தேன்தான். மூன்று ஏக்கர் விவசாயக் காட்டுக்கான பத்திரம், கிணறு எங்கேயோ இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அதே பத்திரத்தை வங்கியின் வக்கீலும் படித்தார். வீட்டை மதிப்பிட வங்கியின் இன்ஜினியர் வந்து டேப் பிடித்தார், போட்டோ எடுத்தார், இருபது நிமிடத்தில் கிளம்பினார். அந்தக் கிணறு எங்கே போனது என்று ஒருவரை ஒருவர் கேட்டதாகத் தெரியவில்லை. இருவருக்குமாக 8,000 ரூபாய் கட்டியது நாங்கள். அறிக்கை மட்டும் எங்களுக்குக் கிடையாதாம். "அது பேங்க்கோட பாதுகாப்புக்காக எடுக்கறதுமா" என்றார் மேலாளர்.

விற்றவர் ஓசூருக்குக் குடிபோய்விட்டார். தனக்குத் தெரிந்த, வாங்குபவர் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறதாம். ஆனால் அவருக்குத் தெரியும் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டுமே. ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டி விற்ற நிறுவனமே சரிசெய்ய வேண்டும் என்ற ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் எங்களைப் போல் தனி வீட்டைக் கைமாற்றி வாங்கியவர்களுக்கு உதவவில்லை.

வங்கி வீட்டைக் கட்டவுமில்லை, விற்கவுமில்லை. இடிந்தால் கட்டிக்கொடு என்று நான் கேட்கவில்லை. என் கடைக்கு வரும் துணியில் சின்ன ஓட்டை இருந்தால்கூட, கத்திரி வைக்கும் முன்பு கொண்டுவந்தவரிடம் விரித்துக் காட்டிவிடுவேன். துணியை நான் நெய்யவில்லைதான். ஆனால் கூலி வாங்குகிறேனே! அந்த அளவாவது வங்கி செய்ய வேண்டாமா?

கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. அதுபோல, வக்கீல் கருத்தையும் இன்ஜினியர் அறிக்கையையும் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே எங்கள் கையில் தர வேண்டும் என்றும் உத்தரவு போடட்டும். தாய்ப்பத்திரத்தைப் பார்க்காமல் இன்ஜினியர் மதிப்புப் போடவும் கூடாது.

நம் பக்கம் காடெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், நிலத்தைப் பிரிக்கும் முன்பிருந்த சர்வே வரைபடமான புலப்படத்தையும் சர்வேத் துறையில் வாங்கிப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பின்னறை இருக்கும் இடத்தில் அதில் கிணற்றைக் குறிக்கும் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.