அரைப் புள்ளிக்கு முழுச் சாப்பாடு

அன்புள்ள மருமகளுக்கு,

அயித்தை எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, பேச்சு அறுந்துவிட்டது. பிறகு யோசித்தால், அது போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை.

சோழிங்கநல்லூரில் தடுக்கி விழுந்தால் ஹோட்டல் வாசலில்தான் விழ வேண்டும், ஆனால் ஒற்றை ஆளாகப் போய் எப்படி அயித்தை உட்காருவது, எல்லாரும் பார்ப்பார்களே என்றாய். அதனால் பார்சல் வாங்கி வந்து விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன் என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய் வேறு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோசைக்கு ஆயுள் ஐந்து நிமிடம். அதைச் சுருட்டி, காகிதத்தில் மடித்து, பையில் போட்டு, நீ அறைக்குக் கொண்டுவந்து பிரிக்கும்போது வேர்த்துப்போய் ஈரத் துண்டு மாதிரி கிடக்கும். சட்னிப் பொட்டலத்தின் முடிச்சு அவிழாமல் பல்லால் கடித்திருப்பாய். கட்டில் விரிப்பில் ஒரு சொட்டாவது விழுந்திருக்கும். மாதச் சம்பளம் வாங்குகிற பெண் சாப்பிடுகிற லட்சணமா இது?

நானும் நகரத்தில் தனியாக ஹோட்டலில் சாப்பிடுகிறவள்தான் என்பது உனக்குத் தெரியாது. காரைக்குடியை நகரம் என்றால் உதட்டைப் பிதுக்குவாய். 2024இல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள், இனிமேல் பிதுக்க முடியாது. புதன்கிழமைதோறும் கானாடுகாத்தானில் டவுன் பஸ் ஏறுகிறேன். பள்ளத்தூர், கோட்டையூர், அப்புறம் காரைக்குடி. 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதில் மிஞ்சுவது சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு காப்பிக்குச் சரியாக இருக்கிறது. உன் அப்பச்சிக்கு, அதுதான் உன் அப்பாவுக்கு, நான் பேங்குக்குப் போவதாகத்தான் தெரியும். பேங்குக்கும் போகிறேன், பொய் இல்லை. ஆனால் வாரா வாரம் எனக்குப் பேங்கில் என்ன வேலை என்று என் அண்ணன் இன்றுவரை கேட்டதில்லை.

முதல் தடவை எப்படிப் போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீ என்னைத் துணிச்சல்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

மாமா காலமாகி ஏழு மாதம் இருக்கும். ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காகக் காரைக்குடி போய் அலைந்ததில் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. பசி காதை அடைத்தது. வழியில் தெரிந்த ஹோட்டலுக்குள் நுழைந்தேன். பெயர் வேண்டாம். சர்வர் “எத்தனை பேர் அம்மா?” என்றார். “ஒருத்திதான்” என்றேன். என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார், பின்னால் யாராவது செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்கிற மாதிரி. யாரும் இல்லை. “ஃபேமிலி ரூமில் உட்காருங்கள்” என்று கையைக் காட்டிவிட்டார்.

ஃபேமிலி இல்லாதவளுக்கு ஃபேமிலி ரூம். ஆறு பேர் உட்காரும் மேஜை, அதற்கு நேர் எதிரே கை கழுவுகிற தொட்டி. வருகிறவர் போகிறவர் எல்லாம் என் முன்னால்தான் வாய் கொப்பளித்தார்கள். இருபது நிமிடம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவழியாக இலை வந்தது, சோறும் வந்தது. அதோடு ஒரு குடும்பமும் வந்தது, குழந்தைகளோடு ஏழு பேர். “அம்மா, கொஞ்சம் ஓரமாக” என்றார் அதே சர்வர். இலையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். ரசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. திருடித் தின்றவள் மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது அந்த சர்வர் மேல் வந்த கோபத்தைவிட, இலையைத் தூக்கினேனே, அந்த என் கை மேல் வந்த கோபம் அதிகம்.

அடுத்த புதன்கிழமை வேறொரு மெஸ்ஸுக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்பதற்குள் கூடத்தின் நடுவே, சமையல்கட்டுக் கதவுக்கு எதிரில் இருந்த மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துவிட்டவளை எழுப்புவதற்கு யாருக்கும் மனம் வராது. நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். வாசலில் நின்று கண்ணால் கெஞ்சக் கூடாது.

எல்லாரும் பார்ப்பார்கள் என்கிறாயே, பார்க்கத்தான் செய்வார்கள், அவரவர் இலையில் சோறு விழுகிறவரை. விழுந்த பிறகு பக்கத்தில் கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். பசித்தவன் பார்வைக்கு நீ இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறாய்.

இந்தக் கூச்சம் உனக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டிலிருந்து வந்திருக்க முடியாது. இப்போது நம் ஊர் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இரண்டாம் கட்டின் நீளத்தைப் பார்த்துவிட்டு, இங்கே எத்தனை பேர் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள் என்று வாயைப் பிளக்கிறார்கள். கூட்டுக் குடும்பம், ஒரே உலை என்று அழைத்து வருகிறவர்களும் அளந்து வைத்திருக்கிறார்கள். அந்த நீளமெல்லாம் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும்தான். மற்ற நாளில் கதை வேறு. மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் வேறு வைத்துவிடுவார்கள். வீடு அதே வீடு, நடு முற்றமான வளவும் அதே வளவு, சுற்றிலும் புள்ளிக்கு, அதாவது ஒரு தம்பதிக்கு, ஓர் அறை. அடுப்பு மட்டும் தனி. வருடத்துக்கு இன்ன அரிசி, இன்ன பருப்பு, கையில் இன்ன பணம் என்று அளந்து கொடுத்துவிட்டால், அந்தப் புள்ளி தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ள வேண்டும். மாமியார் பானைக்குள் மருமகள் எட்டிப் பார்ப்பதில்லை, மருமகள் பானைக்குள் மாமியாரும் எட்டிப் பார்ப்பதில்லை. (பார்க்காத மாதிரி நடந்துகொள்வார்கள் என்பதுதான் சரி.)

அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐயா, அதுதான் தாத்தா, ரங்கூனுக்குத் தொழில் செய்ய, கொண்டு விற்கப் போனவர். மூன்று வருடக் கணக்கு. அங்கே கடையும் தங்குமிடமும் ஒன்றான கிட்டங்கியில் அவருக்கு ஒரு பாய், ஒரு பெட்டி, பொதுச் சமையல்காரர் வைத்த சோறு. இங்கே அப்பத்தாவுக்கு ஓர் அடுப்பு, ஒரே ஓர் ஆளுக்கான உலை. ஒரு கைப்பிடி வெண்டைக்காயும் அரிசி களைந்த தண்ணீரும் இருந்தால் மண்டி என்கிற குழம்பை வைத்துவிடுவாராம். பக்கத்து அடுப்பில் கருவாடு மணக்கும், எதிர் அடுப்பில் யாரோ பருப்புத் துவையல் அரைப்பார்கள், வளவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் ஏதாவது கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். தட்டு அவருடையது, சத்தம் ஊருடையது. தனியாகச் சாப்பிடுகிறாளே பாவம் என்று அந்த வளவில் யாரும் அப்பத்தாவைச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஹோட்டல் கூடத்தில் போய் உட்காரும்போது எனக்கு அந்த வளவுதான் ஞாபகம் வருகிறது. சுற்றிலும் மேஜை மேஜையாகத் தனி அடுப்புகள். ஒரு மேஜையில் பெண் பார்க்கிற பேச்சு, ஒரு மேஜையில் சீட்டுப் பணத் தகராறு. எல்லாம் காதில் விழுகிறது, எதற்கும் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. உன் விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாயே, அங்கே அந்தச் சத்தம் ஏது?

இன்னொன்று. நம் நகரத்தார் கோவில் வரி எழுதும்போது கணவன் மனைவி சேர்ந்து ஒரு புள்ளி. மாமா போன பிறகு நான் அரைப் புள்ளி. கல்யாணமாகாத நீ கணக்கிலேயே கிடையாது. மெஸ் பலகையிலும் இரண்டு கணக்குத்தான் எழுதியிருக்கிறது: அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு. அரைப் புள்ளி போய் முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தால், கல்லாவில் இருப்பவர் புள்ளிக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை. டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்.

இனி நண்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு அந்த மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். கூட்டம் ஒரு மணிக்குத்தான். இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்து, நான் துடைத்து முடிப்பதற்குள் பொரியல், கூட்டு, அப்பளம். சோற்றைக் குவித்ததும் நாலு குழம்பையும் ஒரே பிடியில் கோத்த தூக்கோடு சப்ளையர் வருவார். கோழி, ஆடு, மீன், நண்டு. பலர் கோழியில் தொடங்குவார்கள். நான் நண்டில் தொடங்குவேன், பசி கூராக இருக்கும்போதே. குழியில் ஊற்றியதும் எண்ணெய் ஓரமாகப் பிரிந்து இலைப் பச்சையில் சிவப்பாக ஒரு கோடு ஓடும். சோம்பும் மிளகும் முன்னால் வரும், கல்பாசி வாசம் கொஞ்சம் பின்தங்கி வரும். நண்டு மசாலாவைத் தனியாகவும் ஒன்று சொல்லிவிடுவேன். சின்னத் தட்டில் இரண்டு நண்டு, உடைத்துப் போட்டது.

நண்டை நாலு பேரோடு சாப்பிட முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன். கொடுக்கைக் கடைவாயில் வைத்து அழுத்த வேண்டும். ஓடு விரிந்த இடத்தில் நுனி நாக்கால் தேட வேண்டும். காலை உடைத்து மெல்ல இழுத்தால் சதை முழுசாக உருவிக்கொண்டு வரும், அவசரப்பட்டால் பாதி உள்ளேயே நின்றுவிடும். இரண்டு கையும் வேண்டும், வாயும் வேண்டும். அந்த நேரத்தில் “மேகலா வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்தீர்கள்?” என்று யாராவது கேட்டால் ஒன்று நண்டு போகும், இல்லை மரியாதை போகும். மாமாவோடு முப்பது வருடம் விருந்துகளில் நண்டை அப்படியே ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன், நாலு பேர் முன்னால் ஓட்டை உறிஞ்சக் கூடாது என்று. இப்போது முகம் தெரியாதவர்கள் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்து உறிஞ்சுகிறேன். போன வாரம் அந்த சப்ளையர், நான் கேட்காமலே, ஓடு போடுவதற்கு ஒரு துண்டு இலை கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த உபசாரத்தை எந்தச் சம்பந்தி வீட்டிலும் நான் கண்டதில்லை.

தனி ஆளுக்கு நஷ்டம் இல்லாமல் இல்லை. கறி வகைகளில் ஒன்றுதான் சொல்ல முடியும். உப்புக்கறி வாங்கினால் சுக்காவுக்கு வயிற்றில் இடம் இருக்காது. அதனால்தான் மெஸ் சாப்பாடு நமக்குச் சரி, குழம்புகள் எல்லாவற்றையும் கரண்டி கரண்டியாக ருசி பார்த்துவிடலாம். இன்னொரு எச்சரிக்கை: உங்கள் ஊரில் பலகையில் “செட்டிநாடு” என்று போட்டிருக்கிறதே என்று நுழைந்துவிடாதே. சிவப்புச் சாயமும் கண்ணீர் வருகிற காரமும் ஊற்றி அதற்கு நம் ஊர்ப் பெயரை வைத்துவிடுகிறார்கள். நம் சமையலில் காரம் வேலையாள், முதலாளி இல்லை.

சென்னையில் ஒற்றை ஆளுக்கு ஏற்ற இடங்கள் இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேக்கு ஒரு ஞாயிறு காலையில் போ. இட்லி மூழ்குகிறவரை சாம்பார் ஊற்றுவார்கள். அது பார்சலுக்கு வளையாத பண்டம், அங்கே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். அதே பேட்டையில் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும். எண்ணைக் கூப்பிட்டால் காலி இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான், பக்கத்தில் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. மயிலாப்பூர் ராயர் மெஸ் சின்ன இடம். அங்கே குடும்பமாகப் போகிறவர்கள்தான் திண்டாட வேண்டும், ஒற்றை ஆள் நடுவில் நுழைந்துவிடலாம்.

போனை மேஜை மேல் வைக்காதே. குழம்பு தெறிக்கும் என்பதற்காகச் சொல்லவில்லை, தெறிக்கத்தான் செய்யும். போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் நீ மறுபடியும் அந்தக் கட்டிலுக்கே போய்விட்டாய் என்று அர்த்தம்.

அடுத்த முறை லீவில் வரும்போது நடுவில் ஒரு புதன்கிழமை இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொள். பல்லவன் ரயிலில் வந்து இறங்கு, மறுநாள் மதியம் கூட்டிக்கொண்டு போகிறேன். ஆனால் ஒரே மேஜையில் உட்கார வேண்டாம். வேறு வைத்துக்கொள்வோம். நீ ஜன்னல் பக்கம், நான் சமையல்கட்டுக் கதவுக்கு எதிரில். நண்டு எப்படி இருக்கிறது அயித்தை என்று அங்கிருந்தே கேள். பதில் சொல்கிறேனா பார்க்கலாம்.

இப்படிக்கு,
அயித்தை

பி.கு.: உன் அப்பச்சி கேட்டால், பேங்க்.