தர்மப் பெட்டிக்கு மூன்று சாவி வேண்டும்

எங்கள் திருச்சபையை நிர்வகிக்கும் சேகர கமிட்டியில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

கோவில் வாசலில் 'ஏழைகளுக்கு' என்று எழுதி வைத்திருக்கும் உண்டியலைப் பற்றித்தான் இந்த மடல். போன வருஷக் கணக்கு வாசித்தபோது அதில் விழுந்த தொகை தனியாக வரவில்லை. கேட்டதற்கு, கோபுர வேலை நடப்பதால் எல்லாம் பொதுக் கணக்கில் போகிறது என்றீர்கள். யாரும் எடுத்துக்கொண்டதாக நான் சொல்லவில்லை. ஏழைக்கென்று போட்ட காசில் சிமெண்ட் வாங்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

வேதத்தில் வரும் பெட்டியே கட்டட வேலைக்குத்தானே என்று ஒரு அண்ணாச்சி 2 இராஜாக்கள் 12-ஐக் காட்டினார். சரி, அதையே வாசிப்போம். யூதாவின் ராஜா யோவாசின் 23-ஆம் வருஷம் வரை பணம் ஆசாரியர்கள் கைக்குத்தான் போனது. ஆலயமோ பழுதாகவே கிடந்தது. அதற்கு அப்புறம்தான் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்தருகே வைத்தான். பணம் நிறைந்தபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணினார்கள். வேலை செய்வித்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்ற வசனம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்பே எண்ணியவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் அரண்மனை ஆள் என்பதுதான் மறந்துபோகிறது.

ஆதி சபைப் பெட்டியின் கதை வேறு. கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதம் ஒரு முறை, மனமும் வசதியும் உள்ளவர்கள் போடுவார்கள், கட்டாயம் கிடையாது. அந்தப் பணம் ஏழைகளின் சாப்பாட்டுக்கும் அடக்கத்துக்கும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கும், வயதாகி வீட்டோடு முடங்கியவர்களுக்கும், கப்பல் உடைந்து தவித்தவர்களுக்கும் போனது. அந்தப் பட்டியலில் கட்டடம் இல்லை.

மூன்று சாவி என்பதும் என் யோசனை இல்லை. 1199-இல் போப் மூன்றாம் இன்னசென்ட் எல்லாக் கோவில்களிலும் பெட்டி வைக்கச் சொன்னபோது, ஒரு சாவி பிஷப்பிடம், ஒன்று குருவிடம், ஒன்று பக்தியுள்ள ஒரு சாதாரண விசுவாசியிடம் இருக்க வேண்டும் என்றார். அந்தப் பணம் சிலுவைப் போருக்கு. அந்த நோக்கம் நமக்கு வேண்டாம், பூட்டு மட்டும் போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் லைஸ்னிக் ஊர்ப் பெட்டிதான். 1523-இல் அந்தச் சபையார் பொதுப் பெட்டிக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். முன்னுரை மார்ட்டின் லூத்தர். பிரபுக்களில் 2 பேர், நகரசபையில் 2 பேர், ஊர்க்காரர்களில் 3 பேர், விவசாயிகளில் 3 பேர், ஆக 10 பேர் பொறுப்பு. பெட்டிக்கு நாலு பூட்டு, தரப்புக்கு ஒரு சாவி. ஒரு தரப்பு வரவில்லை என்றால் பெட்டி திறக்காது. ஞாயிறுதோறும் கூடிக் கணக்குப் பார்க்கவும் வேண்டும். விவசாயி கையில் ஒரு சாவி என்பதை நினைத்துப் பாருங்கள்! நம் கமிட்டியில் பனையேறிப் பிழைத்தவர் வீட்டிலிருந்து இன்றைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நம் ஜெப புத்தகம் வந்த இங்கிலாந்திலும் இப்படித்தான். 1547-இல் ஆறாம் எட்வர்ட் காலத்துக் கட்டளைப்படி ஏழைகள் பெட்டிக்கு மூன்று சாவி: ஒன்று குருவிடம், மற்ற இரண்டும் சபையாரின் பொறுப்பாளர்களிடம். பணத்தைப் பங்கிடுவதும் சபை முழுவதற்கும் முன்னால், இல்லாவிட்டால் 6 பேருக்காவது முன்னால் நடக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வாங்குகிறவர் பெயரை ஆராதனையில் வாசிக்காதீர்கள், கூனிக்குறுகிப் போவார்கள். தொகையும் காரியமும் போதும்: மருந்துக்கு இவ்வளவு, பள்ளிக் கட்டணத்துக்கு இவ்வளவு.

ஆகவே, வாசல் உண்டியலுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். சாவிகள் குருவானவர், பொருளாளர், கமிட்டியில் இல்லாத ஒரு அம்மா என மூன்று பேரிடம் இருக்கட்டும். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையார் பார்க்க எண்ணுங்கள். அடுத்து ஒட்டப்போகிற க்யூஆர் அட்டையும் தர்மத்துக்கென்றே ஒரு தனி வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இதுவரை பொதுக் கணக்கில் சேர்ந்த தர்மப் பணம் எவ்வளவு என்று பார்த்து, கோபுர நிதியிலிருந்து திருப்பிப் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். மூன்று பூட்டுக்கான செலவு என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் சபையான் ஒருவன்