பட்டியலின் முதல் பெயருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பில் பெர்ரி அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான ஆர்.இ.எம். குழுவுக்கு ரசிகர்கள் கடிதம் எழுதினால் பெரும்பாலும் அது மைக்கேல் ஸ்டைப்புக்குத்தான் போகும். பாடுகிறவர் அவர், முகமும் அவர். கிட்டார் பழகுகிறவர்கள் பீட்டர் பக்குக்கு எழுதுவார்கள். இன்னும் கொஞ்சம் கூர்ந்து கேட்பவர்கள் மைக் மில்ஸின் துணைக்குரலைப் புகழ்ந்து அவருக்கு எழுதுவார்கள். டிரம்ஸ் வாசித்துவிட்டுப் பாதியில் எழுந்து போனவராகிய உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், நான் உங்கள் குழுவைத் தலைகீழாகக் கேட்க ஆரம்பித்தவன்.

என் கைக்கு வந்த முதல் ஆல்பம் 'அப்'. 1998 அக்டோபரில் வெளிவந்தது. நீங்கள் விலகிய செய்தி வந்து அதற்குள் ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது, ஆனால் எனக்கு அதெல்லாம் தெரியாது. பாடல்களை எழுதியவர்கள் என்ற இடத்தில் பக், மில்ஸ், ஸ்டைப் என்று மூன்று பெயர்கள். சரி, மூன்று பேர் கொண்ட குழு என்று எண்ணிக்கொண்டேன். அடுத்துக் கிடைத்தது 1992இல் வந்த 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. அதில் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயர்கள். யார் இந்த பெர்ரி? எடுத்த எடுப்பில் நிற்கிறாரே, இவர்தான் தலைவரோ? வெறும் எழுத்து வரிசை அது என்று உறைக்கச் சில நாள் ஆனது. யார் எதை எழுதினாலும் நான்கு பேர் பெயரும் சேர்ந்தே வரும் என்ற உங்கள் ஏற்பாடு தெரிய வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து.

நல்ல ஏற்பாடுதான். பாட்டு யாருடையது என்ற சண்டையில் எத்தனையோ குழுக்கள் உடைந்திருக்கின்றன, நீங்கள் உடையவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் உங்களுக்கு ஒரு நஷ்டம் உண்டு. பாட்டை யார் கொண்டுவந்தது என்று தெரியாதபோது, பாடுகிறவர் கணக்கிலேயே எல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டைக் கேட்டு அழாதவர்கள் குறைவு. அதில் பெரும்பகுதி உங்களுடையது என்று பீட்டர் பக் சொல்லியிருக்கிறார் என்பதை அறிந்த அன்று நான் அந்தப் பாட்டை மறுபடி போட்டுக் கேட்டேன். தொடக்கத்திலிருந்து பின்னால் டக், டக் என்று மரத்தில் தட்டுவதுபோல் ஒரு தாளம் நடக்கிறதே, அது நீங்கள்தான் என்று நினைத்தேன். இல்லையாம். அது யூனிவாக்ஸ் நிறுவனத்தின் பழைய டிரம் இயந்திரமாம். டிரம்மர் ஒரு பாட்டைக் கொண்டுவருகிறார், தன் நாற்காலியை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறார். இப்படி ஒரு டிரம்மரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஆல்பத்தை டிரம்ஸுக்காகக் கேட்கப் போகிறவர் ஏமாந்துதான் போவார். 'நைட்ஸ்விம்மிங்' பாட்டில் டிரம்ஸே கிடையாது. மில்ஸின் பியானோ, ஜான் பால் ஜோன்ஸ் அமைத்துக் கொடுத்த வயலின்கள், நடுவில் ஓபோ என்ற ஊதுகுழல், அவ்வளவுதான். இந்த ஜான் பால் ஜோன்ஸ் லெட் செப்பலின் என்ற ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். அவ்வளவு இரைச்சல் போட்ட குழுவிலிருந்து இவ்வளவு மென்மையான ஒரு காரியத்துக்கு ஆள் பிடித்து வந்தீர்களே என்று எனக்கு இன்றும் வியப்பு. 'மேன் ஆன் தி மூன்' பாட்டுக்கும் விதை நீங்கள் போட்டதுதான். கிட்டாரில் ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்த சுரக்கூட்டுக்கு நகர்கிற ஒரு சின்ன அசைவை நீங்கள் கொண்டுவர, மற்றவர்கள் அதன்மேல் கட்டினார்கள்.

எனக்கு அந்த ஆல்பத்தில் எல்லாவற்றையும்விடப் பிடித்தது கடைசிப் பாட்டான 'ஃபைண்ட் தி ரிவர்'. துணைக்குரலை நீங்களும் மில்ஸும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்யலாம், ஒருவர் பாடியதை மற்றவர் கேட்கக் கூடாது என்ற யோசனை உங்களுடையது. மில்ஸ் உருகிப் பாடியிருக்கிறார். நீங்களோ அலட்டிக்கொள்ளாமல், அடக்கி வாசித்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது பொருந்திவிட்டது. இது தெரிந்த பிறகு பாட்டின் பின்பகுதியை ஹெட்போனில் கேட்டேன். முதல் தடவை மில்ஸ் மட்டும்தான் காதில் விழுந்தார். அவருடைய குரல் மேலே ஏறும், நம்மையும் இழுத்துக்கொண்டு போகும். நான்காவது ஐந்தாவது தடவையில்தான், அந்தக் குரலுக்குக் கீழே தரையோடு தரையாக நடக்கிற இன்னொரு குரல் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு விடவே இல்லை. இப்போது அந்தப் பாட்டில் எனக்குக் கேட்பதே அந்தக் குரல்தான்.

அதற்குப் பிறகு பின்னோக்கி நடக்க ஆரம்பித்தேன். போன இடமெல்லாம் நீங்கள் இருந்தீர்கள். 1986இல் வந்த 'லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்' ஆல்பத்தின் 'ஃபால் ஆன் மீ' பாட்டில் மூன்று குரல்கள் மூன்று வேறு வரிகளைப் பாடுகின்றன. அவற்றில் கீழ்ஸ்தாயியில் போவது உங்கள் குரல். 1991இல் 'அவுட் ஆஃப் டைம்' செய்தபோது கையிலிருக்கும் வாத்தியம் அலுத்துப்போய் ஆளுக்கொன்றாக மாற்றிக்கொண்டீர்கள். பக் மாண்டலின் எடுத்தார், நீங்கள் சில பாடல்களில் பேஸ் கிட்டார் எடுத்தீர்கள். பக் பழகிக்கொண்டிருந்த அந்த மாண்டலினிலிருந்துதான் 'லூசிங் மை ரிலிஜன்' வந்தது. தொலைக்காட்சி வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பாட்டு தெரியும். அதே ஆல்பத்தில் இருக்கும் 'ஷைனி ஹாப்பி பீப்பிள்' பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. 2003இல் போட்ட தொகுப்பில் உங்கள் நண்பர்களே அதைச் சேர்க்கவில்லை, நான் எதற்குக் கிளற வேண்டும்?

'மர்மர்' பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1983இல் வந்த உங்கள் முதல் முழு ஆல்பம். அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ரோலிங் ஸ்டோன் இதழ் இதைத்தான் தேர்ந்தெடுத்தது, மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' உலகையே ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில். இதை எல்லா ரசிகர்களும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பெருமை வேறொன்று. அதில் ஸ்டைப் பாடுவது யாருக்கும் புரியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அவர் என்ன முணுமுணுக்கிறார் என்று ஆளுக்கொரு வரியை எழுதிவைத்துக்கொண்டு வாதிட்டார்கள். ஆங்கிலப் பாட்டு கேட்கும்போதெல்லாம் இரண்டு வார்த்தை தவறிவிட்டதே என்று கூசிப்போகிற என்னைப் போன்ற ஒருவனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த ஆல்பத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே வகுப்பு. உறையில் எதன்மேலும் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும் குட்ஸு கொடியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். தெரிந்துதான் போட்டிருப்பீர்கள்.

சொல் புரியாதபோது காது வேறு எதையாவது பிடித்துக்கொள்ளும். என் காது உங்களைப் பிடித்துக்கொண்டது. வட கரோலினாவின் சார்லட் நகரத்தில், மிட்ச் ஈஸ்டரும் டான் டிக்சனும் தயாரிக்கப் பதிவான ஆல்பம். அதற்கு முன் வேறொரு தயாரிப்பாளரிடம் போய், 'கேட்டபல்ட்' என்ற ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்து, தாளம் துல்லியமாக இல்லை என்று உங்களைச் சோர்ந்துபோகச் செய்துவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த மனிதர் எதிர்பார்த்தது கடிகாரத்தை. 'மர்மர்' கேட்கும்போது எனக்குக் கேட்பதோ ஆள். 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' தொடங்கும்போது ஏதோ மின்கம்பி இரைவதுபோல் ஓர் ஓசை வருகிறது, பின் அதை வெட்டிக்கொண்டு நீங்கள் நுழைகிறீர்கள். அந்த நுழைவில் அவசரம் இருக்கிறது, பதற்றம் இல்லை. அதே கையா 'பெர்ஃபெக்ட் சர்க்கிள்' பாட்டில் பியானோ வாசிக்கிறது என்று தோன்றும். நீங்களும் மில்ஸும் ஒரே சுரவரிசையை இரண்டு பியானோக்களில் வாசித்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து, சற்றே நனைந்த ஒரே பியானோபோல் ஒலிக்கிறது. அந்த இசையிலும் பெரும்பங்கு உங்களுடையதுதான் என்பதை நான் மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

நடுவிலிருக்கும் ஆல்பங்களை நான் ஓடிக் கடக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஃபேபிள்ஸ் ஆஃப் தி ரீகன்ஸ்ட்ரக்ஷன்' லண்டனின் குளிரிலும் மழையிலும் பதிவானது, அந்த ஈரம் ஆல்பம் முழுக்க இருக்கிறது. 'டாக்யுமென்ட்' உங்களைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுபோனது. 'கிரீன்' எனக்கு எப்போதும் பாதி ஆல்பம்தான். 1994இல் வந்த 'மான்ஸ்டர்' பழைய சி.டி. கடைகளில் அடுக்கடுக்காகக் கிடந்ததைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் 'லெட் மீ இன்' பாட்டை ஒழுங்காகக் கேட்டிருக்க மாட்டார்கள். நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் இறந்த துக்கத்தில் பிறந்த பாட்டு அது.

'மான்ஸ்டர்' ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றியபோதுதான், 1995 மார்ச் 1ஆம் தேதி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மேடையில் நீங்கள் சரிந்தீர்கள். தலைவலி என்று முதலில் நினைத்தார்கள். மூளையில் இரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, மே மாதமே மறுபடி மேடையில் இருந்தீர்கள். அந்தப் பயணத்தின் மேடைகளிலும் ஒலிச்சோதனைகளிலும் பதிவான பாடல்களிலிருந்துதான் 'நியூ அட்வெஞ்சர்ஸ் இன் ஹை-ஃபை' பெரும்பாலும் உருவானது. 1996இல் வந்தது. உங்கள் குழுவின் ஆகச் சிறந்த ஆல்பம் எது என்று கேட்டால் ஊரே 'ஆட்டோமேட்டிக்' என்று சொல்லும். நான் இதைச் சொல்வேன். 65 நிமிடம் ஓடும் நீளமான ஆல்பம். ஒரு பாட்டில் சைரன் ஏழு நிமிடம் கத்துகிறது. ஒன்றில் பாடகி பாட்டி ஸ்மித் வந்து ஆழ்குரலில் பதில் சொல்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்து இரவெல்லாம் பயணம் செய்த களைப்பு அதில் இருக்கிறது. மெருகேற்ற நேரமில்லாததால் தப்பித்த ஆல்பம் என்று எனக்குத் தோன்றும். கடைசிப் பாட்டு 'எலக்ட்ரோலைட்', நீங்கள் இருந்த கடைசி ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதன் கடைசி வரியில் ஸ்டைப் 'நான் கிளம்புகிறேன்' என்கிற பொருளில் பாடி முடிக்கிறார். கிளம்பியது நீங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உங்கள்மேல் பல வருடம் கோபம் இருந்தது. உடல் தேறிவிட்டது, கை நன்றாக இருக்கிறது, எதற்காகப் போனார் இந்த மனிதர் என்று. நீங்கள் போவதால் குழு கலையும் என்றால் போகமாட்டேன், அவர்கள் தொடர்வதானால்தான் போவேன் என்று நீங்கள் சொன்னதைப் படித்தபோது கோபம் பாதி குறைந்தது. மூன்று கால் நாயும் நாய்தான், வேறு மாதிரி ஓடக் கற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்று ஸ்டைப் அப்போது சொன்னார். கற்றுக்கொள்ள அவர்கள் பட்ட பாடுதான் 'அப்'. என் முதல் ஆல்பமான அதை இப்போது திரும்பக் கேட்டால், முதல் பாட்டிலேயே இயந்திரம் மெல்ல முனகுகிறது, மனிதத் தாளம் வரும் வரும் என்று காத்திருக்கிறோம், வருவதில்லை. உங்கள் பெயரே இல்லாத அந்த ஆல்பத்தில்தான் நீங்கள் யார் என்று எனக்கு முழுதாக விளங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் 'அரவுண்ட் தி சன்' எனக்கு ஒரு முழு மூச்சில் கேட்க முடியாத ஆல்பம். உங்கள் நாற்காலியில் பிறகு அமர்ந்தவரும் ஒரு பில்தான், பில் ரீஃப்ளின். அவரைக் குறை சொல்லமாட்டேன். 2008இல் 'ஆக்ஸிலரேட்' வந்தபோது, மூன்று காலோடும் எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று காட்டினார்கள். 2011 செப்டம்பரில் சண்டை சச்சரவு இல்லாமல் கடையை மூடினார்கள்.

நீங்கள் ஜார்ஜியாவில் நிலம் வாங்கிக் கால்நடைத் தீவனப் புல் வளர்த்தீர்கள். விலகத் தெரிந்தவர், ஞானி என்றெல்லாம் உங்களைத் தூக்கிவைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எழுதமாட்டேன். உங்களுக்குப் பயணம் அலுத்துவிட்டது, வீட்டில் இருக்க விரும்பினீர்கள், இருந்தீர்கள். 2023இல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்து பேட் எண்ட்ஸ் குழுவோடு ஓர் ஆல்பத்தில் வாசித்தீர்கள் என்று அறிந்து ஓடிப்போய்க் கேட்டேன். கை மறக்கவில்லை. 2024 ஜூனில் பாடலாசிரியர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் நீங்கள் நால்வரும் சேர்ந்து நின்று 'லூசிங் மை ரிலிஜன்' வாசித்ததை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. பாடலாசிரியர்களுக்கான மரியாதை. உங்கள் பெயரும் அதில் இருந்தது, வழக்கம்போல் பட்டியலின் முதலில்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன். 'மர்மர்' ஆல்பத்தின் 'வீ வாக்' பாட்டில் தூரத்து இடிபோல் ஓர் உறுமல் கேட்கிறது. அது நீங்கள் பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடியபோது பந்துகள் மோதிய சத்தம், பதிவு செய்து வேகத்தைக் குறைத்துப் போட்டார்கள் என்று படித்தேன். நாற்பது வருடமாக உருண்டுகொண்டே இருக்கிறதே அந்தப் பந்து, அன்றைக்கு ஆட்டத்தில் ஜெயித்தது யார்?

அன்புடன்,
உங்கள் ரசிகன்