இலவசக் கல்வி தோட்டத்து லய வீடுகளுக்கு வந்தது எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் இலவசக் கல்வி, இலவச மருத்துவம் பற்றிய கட்டுரையை வாசித்தேன். உலகப் போர் முடிந்த கையோடு, 1945 ஒக்டோபரில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியால் இலங்கையின் ஏழைப் பிள்ளைகள் எல்லோரும் மேலே வந்தார்கள் என்று அதில் இருந்தது. அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே ஒரு மண்டபம், ஒரே ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. அது தோட்டத்தை நிர்வகித்த துரையின் பொறுப்பில் இருந்தது. 1960, 61இல் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் எடுத்தபோதும் தோட்டப் பள்ளிகளை அப்படியே விட்டுவிட்டார்கள். 1948இல் குடியுரிமையையும் அடுத்த வருடம் வாக்கையும் பறித்துவிட்ட எங்கள் தோட்டத்துச் சனத்துக்காக யார் கேட்பார்கள்? அதே 1948இல்தான், எங்கள் தேயிலையில் லாபம் பார்த்த கம்பெனிகளின் பிரித்தானியாவில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் தொடங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும்.

தோட்டங்கள் அரச உடைமையான பிறகு, 1970களில்தான் பள்ளிகளை எடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளியை எடுத்தபோது எனக்குப் பத்து வயது. அக்காவுக்குப் பதினைந்து, அவள் அதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். எங்களுக்கு இரண்டாவது ஆசிரியர் வந்தார், அப்புறம் மூன்றாவது, 1980இலிருந்து இலவசப் பாடப்புத்தகம், நான் படித்து ஆசிரியையாகி முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். என்னைவிட அக்கா கெட்டிக்காரி. வாய்ப்பாட்டை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான், ஐந்து வருடம் முந்திப் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிக்கூடத்தை எடுத்த அரசாங்கம் தோட்டத்து மருந்தகங்களை முழுதாக எடுக்கவில்லை. சில ஆஸ்பத்திரிகள் சுகாதார அமைச்சுக்குப் போயின, உண்மைதான். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி கட்டி 2017இல் திறந்தார்கள், அது பெரிய காரியம். ஆனால் தோட்டத்தின் மேல் பிரிவில், மேல் டிவிசனில், இருக்கிறவர் அங்கே போய்ச் சேர வேண்டுமே. பல தோட்டங்களில் இன்னும் கம்பெனியின் டிஸ்பென்சரிதான், அதில் எம்.பி.பி.எஸ். படித்த வைத்தியர் இல்லை, மருந்துக்காரர் ஒருவர், அவரும் இரண்டு மூன்று தோட்டத்துக்குச் சேர்த்து.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தபோது டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது. கொழுந்து லொறியில் படங்கை விரித்துப் படுக்கவைத்து, அந்தக் குண்டும் குழியுமான பாதையில் கீழே கொண்டுபோனோம். பிழைத்துவிட்டாள். இலவசக் கல்வி கிடைக்காதவளுக்கு அறுபது வயது தாண்டியும் இலவச வைத்தியம் பக்கத்தில் இல்லை.

மிச்சமுள்ள தோட்ட மருந்தகங்களையும் சுகாதார அமைச்சு எடுத்து, வைத்தியரையும் அம்புலன்ஸையும் கொடுக்க வேண்டும். எங்கள் எம்.பி.மார் தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பிரச்சினையோடு இதையும் பாராளுமன்றத்தில் கேட்கட்டும். உங்கள் பத்திரிகையும் ஒருமுறை நிருபரை மேலே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், டிஸ்பென்சரி திறந்திருக்கும் நாளில் அல்ல, ஒரு ஞாயிறு இரவில்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
பொகவந்தலாவை