நாலு நாள் ஓடிய நம் இசை நாடகத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

10 முறை மேடையேற்றுவதாகத் திட்டமிட்ட நாடகம் நாலாவது முறையோடு நின்றுவிட்டது. அதற்கான காரணங்களை நேரில் பேசித் தீர்த்துவிட்டோம். அன்றைக்கு ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு கிளம்பினோமே தவிர, யாருக்கும் நான் முறையாக நன்றி சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த மடல். பெயர் போட்டால் யாராவது விட்டுப்போவார்கள். அதனால் செய்த வேலையைச் சொல்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி மூல நாடகத்தை எழுதிய ஐயாவுக்கு. பாட்டே இல்லாத நாடகம் அது. ஒற்றைப் பாதையில் இருக்கும் ஒரு சின்ன ரயில் நிலையம், ஓய்வு பெறப் போகும் நிலைய அதிகாரி, அவருடைய மகள். எல்லாமே வசனம்தான். இதில் இசை சேர்க்கலாமா என்று கேட்கப் போனபோது, மறுத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் ஆங்கில நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவின் கதையைச் சொன்னார். ஷாவின் நாடகம் ஒன்றை 1908இல் ஆப்பரெட்டாவாக, அதாவது லேசான இசை நாடகமாக, மாற்றினார்கள். அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அப்புறம் தன்னுடைய 'பிக்மேலியன்' நாடகத்தை இசை நாடகமாக்கக் கேட்டவர்களுக்கும் முடியாது என்று சொல்லிவிட்டார். 1950இல் அவர் காலமான பிறகு, 1956இல்தான் அது 'மை ஃபேர் லேடி'யாக மேடைக்கு வந்தது. "அவர் மறுத்தது நியாயம்தான். ஆனால் எனக்கு இருக்கும்போதே பார்த்துவிட ஆசை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: கடைசிக் கட்டத்தில் பாட்டு கூடாது. அந்த நிபந்தனைக்குத் தனியாக இன்னொரு நன்றி, ஐயா. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பாட்டெழுதிய அக்காவிடம் நான் கற்றது நிறைய. மூன்று பக்கத் தனிமொழியைக் கொடுத்து, இதை நாலு நிமிடப் பாட்டாக்க வேண்டும் என்று சொன்னேன். பேசும்போது அரை நிமிடத்தில் முடிகிற சொற்கள், பாடும்போது இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால் மூன்று பக்கத்திலிருந்து பதினாறு வரிதான் தேறும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் உண்மையான வேலை. ஐயாவின் வசனத்தில் மிக அழகான உவமைகளை எல்லாம் அக்கா முதலில் எடுத்துவிட்டார். எனக்கு மனசே இல்லை. அந்த அழகை மெட்டு பார்த்துக்கொள்ளும், சொல் எளிமையாக இருக்கட்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. இன்னொன்று. மகள் பாடும் பாட்டின் உச்சத்தில் "வண்டி போகும்" என்று இருந்தது. பாடிப் பார்த்தால் அந்த 'ம்'மில் வாய் மூடிக்கொள்கிறது, குரல் நிற்க இடமில்லை. அக்கா "போகுதே" என்று மாற்றினார். ஒரே ஒரு எழுத்துதான். ஆனால் அந்த ஏகாரத்தில் குரல் எவ்வளவு தூரம் போனது என்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

மகளாக நடித்த தங்கைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதலில் அந்த வேடம் ஏற்றிருந்தவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அரங்கேற்றத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தவர். வசனம், ஏழு பாட்டு, மேடையில் நிற்க வேண்டிய இடம் எல்லாவற்றையும் பதினோரு நாளில் படித்தார். அவருடைய சுருதி ஒரு கட்டை குறைவு. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சுருதி இறங்கிவிடும். புல்லாங்குழலுக்கு அப்படி இல்லை. சுருதி மாறினால் குழலையே மாற்ற வேண்டும். குழல் வாசித்த அண்ணன் மறுநாள் வேறு குழலோடு வந்தார். விரல் இடைவெளி மாறியிருந்ததால் நீண்ட நேரம் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பழகினார். "இந்தக் குழலில்தான் பாட்டுக்குச் சோகம் வருகிறது" என்று மட்டும் சொன்னார்.

ஆர்மோனியம் வாசித்த பெரியவருக்கு நான் பட்ட கடன் இரண்டாம் நாள் கடன். முதல் பாதி நடுவில், நடு ஸ்தாயியில் மத்திமம், அதாவது 'ம' ஸ்வரம், ஒலிக்கும் கட்டை அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது. துருத்தியை அசைத்தால் போதும், அந்த ஒரு ஸ்வரம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேடையில் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த பாட்டுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. பெரியவர் பாட்டுத்தாளின் ஓரத்தைக் கிழித்து, நாலாக மடித்து, கட்டையை நெம்பித் தூக்கி அடியில் செருகினார். சத்தம் நின்றது. ஆனால் அந்த ஸ்வரம் இனி ஒலிக்காது. பாட்டு தொடங்கியது. மத்திமம் வரும் இடங்களில் எல்லாம் அவர் விரலை எடுத்துவிட, தங்கையின் குரல் மட்டும் ஒரு கணம் தனியாக நின்றது. அதுவே நன்றாக இருந்ததால் மூன்றாம் நாள், ஆர்மோனியத்தைச் சரிசெய்த பிறகும், அப்படியே வாசிக்கச் சொல்லிவிட்டோம்.

வியர்வையில் மைக் செத்துப்போகாமல் ஒவ்வொருவர் கன்னத்திலும் டேப் ஒட்டி, இடைவேளையில் துடைத்து மறுபடி ஒட்டிய தம்பிக்கு நன்றி. ஒப்பனை, உடை, டிக்கெட் மேசை பார்த்தவர்களுக்கு நன்றி. ஒத்திகைக்கு மாடி அறையைத் தந்து, இரவு பதினொரு மணி வரை தபேலா சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட குடும்பத்துக்கு ரொம்ப ரொம்ப நன்றி.

பக்கத்திரைக்குப் பின்னால் பிரதியைக் கையில் வைத்து நின்ற அண்ணனிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் பாதி இருபது நிமிடம் கூடுதல் நீளம் என்று ஒத்திகையிலேயே சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் கேட்கவில்லை. பழைய நாடகத்தை நேசித்து வந்தவர்களுக்கு வசனம் குறைந்துவிட்டது, பாட்டுக்காக வந்தவர்களுக்குப் பாட்டு தாமதமாக வந்தது. அரங்கம் பாதி காலியானதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். நாலு நாளும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கும், பாதி அரங்கில் முழுக் கைதட்டல் தந்த மற்ற எல்லோருக்கும் நன்றி.

கடைசி நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலைய அதிகாரி பச்சைக் கொடியை மடித்து மேசையில் வைப்பதோடு நாடகம் முடியும். பாட்டும் இல்லை, பின்னணி இசையும் இல்லை, விளக்கு மட்டும் மெதுவாக இறங்கும். அன்றைக்கு அப்பாவாக நடித்தவரின் கை நடுங்கியது. கொடி கோணலாக மடிந்தது. அவர் அதைப் பிரித்து, முழங்காலில் வைத்து நீவி, முதலிலிருந்து மடித்தார். பக்கத்திரையிலிருந்து சைகை எதுவும் வரவில்லை. ஒளி பார்த்த தம்பியின் விரல் விசையில்தான் இருந்தது, ஆனால் இறக்கவில்லை. கொடி மேசைக்கு வரும் வரை காத்திருந்தான். ஐயா ஏன் அங்கே பாட்டு வேண்டாம் என்றார் என்று எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அவர் கொடியைப் பிரித்திருக்க முடியாது.

அன்று இரவு ஒப்பனை அறையில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, ஒலிப்பதிவு பார்க்கும் தம்பி ஒரு செய்தி சொன்னான். 'மெர்ரிலி வி ரோல் அலாங்' என்று 1934இல் ஒரு நாடகம். அதை ஸ்டீபன் சான்ட்ஹைம் இசையில் 1981 நவம்பரில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் இசை நாடகமாகப் போட்டார்கள். 16 முறை மேடையேறியதோடு முடிந்துவிட்டது. ஆனால் நாடகம் நின்ற மறுநாளே நடிகர்கள் எல்லோரும் கூடிப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அதே நாடகம் 2023இல் மறுபடி பிராட்வேக்கு வந்து, அடுத்த ஆண்டு சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது, பிராட்வே நாடகங்களுக்குத் தரும் பெரிய விருது, வாங்கியது. நமக்கும் அப்படி நடக்கும் என்று அவன் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில் நானும் மைக் எல்லாம் எடுத்து வருகிறேன், நீங்கள் வருவீர்களா?" என்று மட்டும் கேட்டான்.

காலை ஒன்பது மணிக்கு மாடி அறையில் எல்லோரும் இருந்தீர்கள். முந்தின இரவு யாரும் தூங்கியதாகத் தெரியவில்லை, குரல்கள் கொஞ்சம் கம்மியிருந்தன. மின்விசிறிச் சத்தம் விழும் என்று அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க மதியம் வரை பாடினீர்கள். முதலில் உடம்பு சரியில்லாமல் விலகியவரும் வந்து குழுப் பாட்டில் சேர்ந்துகொண்டார். அவர் வந்ததற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன்.

திருத்திய பிரதியையும் பாட்டுகளின் ஸ்வரக் குறிப்பையும் ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். வேறு குழு யாராவது போட நினைத்தால் அவரிடம் கேட்கலாம். முதல் பாதியில் இருபது நிமிடத்தைக் குறைத்த பிரதிதான் அது. பதினோரு பாட்டும் பதிவாகிவிட்டது. யாருக்கெல்லாம் இன்னும் வந்து சேரவில்லையோ சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

மிக்க நன்றியுடனும் அன்புடனும்,
உங்கள் இயக்குநர்