வேலை உறுதி ஒருவரிடம், கடன் இன்னொருவரிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'ஆறே மாதத்தில் வெப் டெவலப்பர், வீட்டிலிருந்தே படிக்கலாம், வேலை உறுதி' என்ற விளம்பரங்களைப் பார்த்து, விற்பனை, வங்கி, ஆசிரியப் பணி என்று ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் ஆன்லைன் பூட்கேம்ப்களில், அதாவது குறுகிய கால தீவிரப் பயிற்சி வகுப்புகளில், சேர்கிறார்கள். கணினிப் பட்டம் இல்லாமலும் இந்தத் துறைக்கு வரலாம். ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

கட்டணம் 80,000 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 94,400 ஆகிறது. 12 தவணை என்றால் மாதம் 7,867 ரூபாய். 'வட்டியில்லாத் தவணை' என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன்தான். தன் வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை அது பயிற்சி நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும். மூன்றாம் மாதமே வகுப்பை விட்டு நின்றாலும் தவணை நிற்காது. கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் அபராதம், சிபில் ஸ்கோரிலும் அடி. வேலை உறுதி தந்தவர் வேறு, கடன் தந்தவர் வேறு என்பதால் 'வேலை வாங்கித் தரவில்லை' என்று சொல்லித் தவணையை நிறுத்த முடியாது. அந்த உறுதிக்கும் வருகைப் பதிவு, மாதிரித் தேர்வு மதிப்பெண், எந்த ஊருக்கும் போகச் சம்மதம் என்று நிபந்தனைகள் இருக்கும்.

எனவே பணம் கட்டும் முன் இரண்டு மாதம், தினம் இரண்டு மணி நேரம் இலவசமாகப் படித்துப் பாருங்கள். ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் புராஜெக்ட் என்ற இலவசப் பயிற்சித் தளங்கள் இரண்டுமே போதும். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் மூன்று வாரத்தில் பிடிபடும். மீதி நாளெல்லாம் பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட். அதிலுள்ள ஃபெட்ச் என்ற கட்டளை மூலம் ஒரு சர்வரிலிருந்து தகவல் எடுத்துத் திரையில் காட்டிப் பாருங்கள், வீடியோ பார்க்காமல். பிரவுசரில் நிரலின் வெளியீட்டைக் காட்டும் கன்சோலில் தகவலுக்குப் பதில் 'பிராமிஸ் பெண்டிங்' என்று வந்தால், பதில் வந்து சேரும் முன்பே அச்சிட்டிருக்கிறீர்கள்; பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' என்ற சொல் முன்னால் விட்டுப்போயிருக்கும். இந்த இடம் விளங்காமல் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிக்குத் தாவினால், அதன் யூஸ்எஃபெக்டில் எப்போது மறுபடி இயங்க வேண்டும் என்று சொல்லும் சார்புப் பட்டியலைப் போடாமல் விட்டு, சர்வருக்குக் கோரிக்கை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். பிரவுசரில் கோரிக்கைகளைக் காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்தால் வரிசையாகத் தெரிந்துவிடும். அதைத் திறக்கவே பல பூட்கேம்ப்களில் சொல்லித் தருவதில்லை என்பதுதான் வேடிக்கை.

புராஜெக்ட் விஷயமும் அப்படித்தான். ஒரு பேட்ச் முழுவதும் ஒரே நெட்ஃபிளிக்ஸ் நகலைச் செய்து, நிரல்களைச் சேமித்துக் காட்டும் கிட்ஹப் தளத்தில் ஒரே கமிட்டாக, அதாவது படிப்படியான பதிவுகள் இல்லாமல் ஒரே தடவையாக, ஏற்றி வைக்கிறார்கள். நேர்காணல் செய்பவர் கமிட் வரலாற்றைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார். மருந்துக் கடையில் இருந்தவர் காலாவதித் தேதி நெருங்கும் மருந்துகளைக் காட்டும் சிறு தளம் செய்யலாம். பழைய தொழில் இங்கே சுமையல்ல, கைமுதல்.

இவ்வளவுக்கும் பிறகு கடனில் சேர்ந்தால், கடனின் மொத்தச் செலவையும் நிபந்தனைகளையும் சொல்லும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் எடுத்த பிறகு குறைந்தது ஒரு நாளாவது, அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி அபராதமின்றி விலக வாய்ப்புத் தர வேண்டும். இத்தகைய விளம்பரங்களை வெளியிடும்போது, கடன் தரும் நிறுவனத்தின் பெயரையும் அச்சிடச் சொல்லித் தங்கள் நாளிதழ் கேட்கலாமே.

இப்படிக்கு,
வெப் டெவலப்பர், சேலம்