ஹாரி கேனையே வேண்டாம் என்றவர்கள்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு வழியாக வீட்டை முடித்துக் குடிபோய்விட்டீர்கள் என்பதில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் முழங்கால் மக்கர் பண்ணுகிறது. அதை விடு, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

உடம்பு போதாது என்று சொல்லி கால்பந்து அகாடமியில் அவனை நிறுத்திவிட்டார்கள், அவனும் பந்தைத் தொடுவதே இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு உடனே இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஹாரி கேன் ஞாபகம்தான் வந்தது. லண்டனில் நான் குடியிருக்கும் இதே வால்தம்ஸ்டோவில் பிறந்தவர் அவர். எட்டு வயதில் ஆர்சனல் கிளப்பின் அகாடமியில் சேர்ந்தார். ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். பையன் கொஞ்சம் குண்டு, ஓட்டமும் பத்தவில்லை என்று அப்போது அகாடமிக்குப் பொறுப்பாக இருந்த லியாம் பிரேடியே பின்னாளில் சொன்னார்.

இதில் ஒன்றைக் கவனி. கேன் பிறந்தது 1993 ஜூலை 28. இங்கிலாந்தில் வயதுப் பிரிவுக்குக் கணக்கு செப்டம்பர் 1. அதாவது கூட ஆடிய பிள்ளைகளில் சிலர் அவரைவிடப் பத்துப் பதினொரு மாதம் மூத்தவர்கள். எட்டு வயதில் அது எவ்வளவு பெரிய வித்தியாசம்! உன் பையன் நவம்பரில் பிறந்தவன். அங்கே ஜனவரி 1 கணக்கு என்றால் அவனுக்கும் அதே கதைதான். இதை அந்தக் கோச்சிடம் நீ கேட்டாயா?

பதினொரு வயதில் இன்னொரு லண்டன் கிளப்பான டோட்டன்ஹாம் அவரை எடுத்தது. அங்கேயும் உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2011 ஆகஸ்டில் முதல் மேட்ச், எதிரணி ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ். கிடைத்த பெனால்டியைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அதற்கு முன்பே லோனில், அதாவது கொஞ்ச காலம் வேறு கிளப்புக்கு ஆட, லேட்டன் ஓரியன்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்புறம் மில்வால், நார்விச், லெஸ்டர். நார்விச்சில் கால் எலும்பு முறிந்தது. லெஸ்டரில் பெரும்பாலும் பெஞ்ச்தான். கூடவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஜேமி வார்டி! இரண்டு பேரும் பின்னாளில் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் வெவ்வேறு சீசன்களில் அதிக கோல் அடித்தவர்களாக வந்தார்கள் என்றால் யார் நம்புவார்கள்?

என்னைக் கேட்டால் மில்வால்தான் அவரை ஆளாக்கியது. கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் இருந்த அணி. அகாடமியில் தோற்றால் பாடம் என்பார்கள், அங்கே தோற்றால் வீட்டுச் சம்பளமே போகும். வளர்ந்த ஆண்களின் முழங்கையை வாங்கிக்கொண்டு கோல் அடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டார். அந்த அணியும் தப்பியது.

டோட்டன்ஹாமுக்குத் திரும்பிய பிறகு, 2014-15 சீசனில் பிரீமியர் லீக்கில் மட்டும் 21 கோல். அந்த வருஷம் ஒரு கூத்தும் நடந்தது. கிரேக்க அணி ஒன்றுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார், கடைசியில் தன் அணி கோல்கீப்பருக்குச் சிவப்பு அட்டை விழ, கையுறையை மாட்டிக்கொண்டு கோலில் நின்று ஒரு ஃப்ரீ கிக்கை நழுவவும் விட்டார். டோட்டன்ஹாமுக்காக மொத்தம் 280 கோல் அடித்தும் ஒரு கோப்பை கிடைக்கவில்லை. 2023-ல் ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக் போய், 2025 மே மாதம்தான் ஜெர்மன் லீக் பட்டம் வென்றார். அதே மாதம் டோட்டன்ஹாம் அவர் இல்லாமலே ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கியது. விதியைப் பார்!

இதைப் படித்துவிட்டு உன் பையன் கேன் ஆவான் என்று கனவு காணாதே. இங்கேயும் அகாடமிப் பிள்ளைகளில் மிகச் சிலர்தான் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள். படிப்பை விடக் கூடாது. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனின் உடம்பைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேறு சின்ன கிளப்பில் சேர்த்துவிடு. வாராவாரம் மேட்ச் ஆடக் கிடைக்கிறதா என்று மட்டும் பார், பெயரைப் பார்க்காதே. நீ அவனிடம் தினமும் இதைப் பேசிக்கொண்டும் இருக்காதே.

டிசம்பரில் வருகிறோம். அவன் ஷூ அளவு என்னவென்று எழுது. இரண்டு அளவு பெரிதாகவே வாங்கி வருகிறேன், உன் குடும்பத்துக் கால் எப்படி வளரும் என்று எனக்குத் தெரியாதா?

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்